தட்டாமல் கொட்டிய டப்பா

வெட்டுப்புழுவுக்கு வெட்கம் மானம் எதுவும் கிடையாது. இலையைத் தின்கிற புழு என்றால் பசி என்று விட்டுத் தொலைக்கலாம். இது தண்டை மண்ணை ஒட்டி அறுத்துச் சாய்த்துவிட்டு, ஒரு வாய் தின்றும் தின்னாமலும் அடுத்த நாற்றுக்குப் போய்விடும். விடிந்து பார்த்தால் நேற்று நிமிர்ந்து நின்ற செவ்வந்தி, கத்திரிக்கோலால் நறுக்கினது போலப் படுத்துக் கிடக்கும். பார்க்கிறவள் வயிறு எரியுமா எரியாதா?

ரூபியேலாவுக்கு எரிந்தது. மே மாதத்து மழை விட்டும் விடாமலும் இருந்த காலை. சாந்தா எலேனா மலையில் அந்த நேரத்துக்குப் பத்தடிக்கு அப்பால் இருப்பது மாடா மனுஷனா என்று தெரியாத மூட்டம். கம்பளிப் போர்வையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரப்பர் பூட்ஸோடு பாத்தியில் குந்தினாள். சாய்ந்து கிடந்த நாற்றின் அடியில் விரலை விட்டு மண்ணைக் கிளறினாள். சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவினது போல வழவழவென்று, பயந்த மாதிரி வளையமாகச் சுருண்டுகொண்டது புழு.

"இப்ப மட்டும் சுருண்டுக்கோ, திருட்டு மூதி" என்று திட்டிக்கொண்டே தகர டப்பாவில் போட்டாள்.

டப்பா நிறையச் சேர்ந்ததும் வேலியோரம் போனாள். ஆளுயரத்துக்கு நீலப்பூப் பூத்து அடர்ந்த ஹைட்ரேஞ்சியா வேலி. அந்தப் பக்கம் ஓத்தீலியா வீட்டுக் கோழிமுற்றம். வேலிக்கட்டையில் டப்பாவை இரண்டு தட்டுத் தட்டுவாள் ரூபியேலா. டொக், டொக். சத்தம் கேட்டதும் கோழிகள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பெண்பிள்ளைகள் மாதிரி ஓடிவரும். இவள் வேலிக்கு மேலே கையை நீட்டிக் கொட்டுவாள். இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். இவள் புழுவைக் கொட்டுவாள், ஓத்தீலியா வாரத்துக்கொரு தடவை பாவாடை மடியில் முட்டை கொண்டுவருவாள். "உன் புழுதான்டி, முட்டையா மாறி வந்திருக்கு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அன்றும் தட்டினாள், கொட்டினாள். கோழிச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. முட்டை வந்து வெகுநாள் ஆகியிருந்தது. பிப்ரவரியில் ஓத்தீலியாவின் புருஷன் எவேலியோ உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தவன், மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. துக்க வீட்டுக்காரி முட்டை கொண்டுவரவில்லை என்று யார் நினைப்பார்கள்? ரூபியேலாவும் நினைக்கவில்லை.

அடுப்படியில் அவள் புருஷன் லிபார்தோ, சுடச்சுட மக்காச்சோள ரொட்டியில் பாலாடைக்கட்டியை வைத்து மடித்துக்கொண்டிருந்தான். வெளியே மகன் துவான், பூவை அடுக்கி முதுகில் சுமக்கிற பழைய பூச்சட்டம் ஒன்றில் உருளைக்கிழங்கு மூட்டையை ஏற்றி, பட்டையை நெற்றியில் மாட்டி, முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து பழகிக்கொண்டிருந்தான்.

"பாரு உம் புள்ளைய. பஸ் கழுவுற வேலைக்குப் போற நேரத்துல மூட்டையோட கல்யாண ஊர்வலம் நடத்துறான்" என்றான் லிபார்தோ.

"அவனுக்கு ஆசை. பிள்ளை ஆசப்பட்டா தப்பா?"

"தப்பில்ல. எடம் வேணுமே."

அதுதான் விஷயம். ஆகஸ்டு வந்தால் இந்த மலையிலிருந்து வீட்டுக்கு ஒருவர் பூச்சட்டத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு மெதெயீன் நகரத்துத் தெருவில் ஊர்வலம் போவார்கள். ஊரே கூடி நின்று கைதட்டும். ஆனால் அந்த நடை யாருக்கும் சும்மா கிடைக்காது. அப்பன் பாட்டன் வழியாக வருகிற இடம் அது. லிபார்தோவுக்கு இருப்பது ஒரே இடம், அதில் அவனே நடக்கிறான். துவான் மாதிரி ஆசைப்பட்டுக் காத்திருக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர். ஒரு வீட்டிலிருந்து யாரும் தூக்க வரவில்லை என்றால் மட்டும் அந்த இடத்தைப் பூச்சட்டக்காரர் சங்கத்தில் குலுக்கல் போட்டு யாருக்காவது கொடுப்பார்கள்.

"எவேலியோ எடம் இந்த வருஷம் காலிதான். ஓத்தீலியா அக்கா எங்க தூக்கப் போறா? படுத்த படுக்கையா கெடக்கா, பாவம்" என்றான் லிபார்தோ, ரொட்டியை மென்றுகொண்டே. "குலுக்கல்ல நம்ம பையன் பேரும் இருக்கும். விழாதா என்ன?"

ரூபியேலா சிலுவை போட்டுக்கொண்டாள். "செத்தவன் எடத்துக்கு இப்பவே கண்ணு வைக்காதீங்க" என்றாள். வாய்தான் அப்படிச் சொன்னது. மனசு எப்போதோ கண் வைத்துவிட்டது. மகன் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நகரத் தெருவில் நடக்கிறதை அவள் பாத்திரம் கழுவும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் கதவுப்பக்கம் பூட்ஸைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"சாக்லேட் இருக்கா, இல்ல எல்லாத்தையும் உம் புருஷன் உறிஞ்சிட்டானா?"

ஓத்தீலியா! இழவுக்குப் பிறகு அவள் இந்த வாசற்படி மிதிப்பது அன்றுதான் முதல் தடவை. ஆள் பாதியாகியிருந்தாள். ஆனால் கையெல்லாம் மண். நகக்கண்ணில்கூட மண்.

"வாங்கக்கா, வாங்க! உங்களுக்குன்னு ஒரு வாய் வெச்சிருக்கேன்" என்று எழுந்து இடம் விட்டான் லிபார்தோ. துவான் மூட்டையை இறக்கிவிட்டு ஓடிவந்து அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். ஓத்தீலியா அவனுக்கு ஞானத்தாய். ஞானஸ்நானத் தொட்டியில் அவனைக் கையில் ஏந்தினவள்.

"முதுகக் காட்டுடா" என்று அவனைத் திருப்பித் தட்டிப் பார்த்தாள். "ம். எலும்பு இருக்கு. சதைதான் போடணும்."

சாக்லேட் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இந்த வருஷம் எவேலியோ எடத்துல நான் தூக்கப் போறேன்."



"நீங்களா?" என்றான் லிபார்தோ.

"ஏன், எனக்கு முதுகு இல்லையா? அவன் தூக்கின சட்டத்துல பாதிப் பூ நான் கட்டினதுதான்."

"அதுக்கில்லக்கா. பூவுக்கு எங்க போவீங்க? எவேலியோ போனப்புறம் பாத்தியெல்லாம் புல்லு மண்டிக் கெடக்கே."

அதுவும் நியாயமான கேள்விதான். கடையில் வாங்கின பூவை முதுகில் ஏற்றினால் இந்த மலையில் காறித் துப்புவார்கள். அவரவர் மண்ணில் விளைந்த பூதான் அவரவர் சட்டத்தில் ஏற வேண்டும்.

"அந்தப் புல்ல வெட்ட எனக்குத் தெம்பு இல்ல. கோழிமுத்தத்துல போட்டிருக்கேன். கோழியையெல்லாம் பின்பக்கம் கொட்டாயில அடைச்சிட்டேன். எத்தன வருஷத்து எருவு கெடக்கு அந்த மண்ணுல! செவ்வந்தி, சூரியகாந்தி, டேலியா, எல்லாம் நட்டாச்சு." அவள் முகத்தில் இழவுக்குப் பிறகு முதல்தடவையாக ஒரு வெளிச்சம் வந்துபோனது. "ஆனா ஒண்ணு பாரு, ரூபி. கோழி கிண்டிக் கிண்டிப் புழுவே இல்லாத மண்ணு அது. இப்ப என்னடான்னா நட்ட நாத்தெல்லாம் அறுந்து அறுந்து விழுது. எங்கேர்ந்துதான் வருதோ, சனியன்."

ரூபியேலா கரண்டியைப் பாலில் விட்டது விட்டபடி நின்றாள்.

அந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'ஐயோ அக்கா, நான்தான் தெரியாமக் கொட்டினேன்' என்று ஒரு வார்த்தை. ஓத்தீலியா நாலு திட்டுத் திட்டிவிட்டுச் சிரித்திருப்பாள். இரண்டு பேருமாகப் போய் மண்ணைக் கிளறியிருப்பார்கள். கதை அங்கேயே முடிந்திருக்கும். சொல்லலாம் என்றுதான் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே துவான் அந்த மூட்டையைத் திரும்ப முதுகில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"இந்த வருஷம் புழு ஜாஸ்தி அக்கா. எங்க பாத்தியிலயும் அப்படித்தான்" என்றாள்.

மறுநாள் காலையில் டப்பா வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. ரூபியேலா வேலியோரம் வந்து நின்றாள். பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீர் வாளி பின்கட்டில் இருந்தது. அதில் கொட்டினால் ஒரு நொடியில் தீர்ந்தது. அவளுக்கும் அது தெரியும். மூட்டம் நல்ல அடர்த்தியாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

அன்று அவள் டப்பாவைத் தட்டவில்லை.

சத்தமில்லாமல் கையை நீட்டினாள், கவிழ்த்தாள், திரும்பி நடந்தாள். பின்கட்டுக்குப் போய் டப்பாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், சோப்புப் போட்டுத் தேய்த்தாள். புழு பிடிக்கிற டப்பாவை எவளாவது சோப்புப் போட்டுத் தேய்ப்பாளா? தேய்த்தாள். பிறகு மாட்டுக்கொட்டகைப் பின்னால் போய் நின்று, 'மாதாவே, நான் என்ன செஞ்சிட்டேன்' என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுவிட்டு வந்து பீன்ஸ் வேகவைத்தாள். மனுஷி அப்படித்தான்.

அடுத்த நாள் ஓத்தீலியா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"ரூபி! கொஞ்சம் வந்து கை குடுக்கிறியா? வரிசை வரிசையா சாஞ்சு கெடக்கு."

போனாள். போகாமல் என்ன செய்வாள்? கோழிமுற்றத்தில் வேலியை ஒட்டிய பாத்திகள்தான் மோசம். அறுந்த தண்டுகள் வாடக்கூட இல்லை, பச்சையாகவே கிடந்தன. இதற்குமேல் புதிதாக நட்டால் ஆகஸ்டுக்குள் பூக்காது. அது இரண்டு பேருக்குமே தெரியும் என்பதால் இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

ஓத்தீலியா ஒரு சாக்கு நிறையக் காலிப் பால் அட்டைப்பெட்டிகள் சேர்த்து வைத்திருந்தாள். இரண்டு பக்கமும் வெட்டி வளையமாக்கி, ஒவ்வொரு நாற்றையும் சுற்றி விரலளவு ஆழம் மண்ணில் பதிக்க வேண்டும். புழு மேலே ஏறி வந்து தண்டைத் தொட முடியாது. சுற்றிலும் அடுப்புச் சாம்பல் தூவ வேண்டும். தவிட்டில் வெல்லத் தண்ணீர் பிசைந்து பலகைக்கடியில் வைத்தால் இனிப்புக்கு வந்து கூடும், காலையில் பலகையைப் புரட்டி அள்ளிக்கொள்ளலாம்.

"வளையம் வைக்கிறதுக்கு முன்னால உள்ள நல்லாக் கிளறிப் பாரு" என்றாள் ஓத்தீலியா, மண்ணைப் பார்த்தபடி. "களவாணிய உள்ள விட்டு வேலி கட்டக் கூடாது பாரு."

"பாக்கிறேன் அக்கா."

"எவேலியோ இருந்தா இந்நேரம் புழுவோட பேசிக்கிட்டு இருப்பான். 'ஏன்டா, பக்கத்துல இவ்வளவு களை கெடக்கு, அதத் தின்னா உனக்குத் தொண்டையில எறங்காதா'ன்னு கேப்பான்."

"கேப்பாரு" என்று சிரிக்கப் பார்த்தாள் ரூபியேலா. சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் ஓத்தீலியா பீன்ஸும் சோறும், வறுத்த வாழைப்பழமும் போட்டாள். ரூபியேலா சோற்றை விரலால் அளைந்துகொண்டிருந்தாள். "என்னடி கொறிக்கிற? உடம்புக்கு என்ன?" என்று ஓத்தீலியா அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அதற்குப் பதில் அவள் ஓர் அறை விட்டிருக்கலாம்.

அதிலிருந்து ஜூன், ஜூலை முழுக்க ரூபியேலா தன் வீட்டு வேலையை ஓடி ஓடி முடித்துவிட்டு அந்தப் பக்கம்தான் கிடந்தாள். களை எடுத்தாள், குச்சி நட்டுக் கட்டினாள், பலகை புரட்டினாள், கிடைத்த புழுவையெல்லாம் பின்பக்கக் கொட்டாயில் கோழிகளுக்கு ஒவ்வொன்றாகக் கையால் போட்டாள்.

"என்னடி, அங்கேயே குடிபோயிட்டியா? சொல்லு, கட்டிலையும் தூக்கிட்டு வந்துர்றேன்" என்று கேலி செய்தான் லிபார்தோ.

"தனியா கெடக்கா."

"இத்தன நாளும் தனியாத்தானே கெடந்தா?"

அவன் சும்மாதான் கேட்டான். அவளுக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் பாவசங்கீர்த்தனம் செய்யாமல், நற்கருணை வாங்காமல் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். சாமியாரிடம் சொல்வது பெரிய காரியமில்லை. சாமியார் வேலிக்கு அந்தப் பக்கம் வசிக்கிறவர் இல்லையே. சொல்ல வேண்டியவளிடம் சொல்லாமல் சாமியாரிடம் சொல்லி என்ன பிரயோசனம்?

ஊர்வலத்துக்கு முந்தின நாள் மலை முழுக்கத் திருவிழாச் சந்தடி. வீட்டுக்கு வீடு முற்றத்தில் பூவைக் குவித்து வைத்துக் கொத்துக் கொத்தாகக் கட்டிச் சட்டத்தில் செருகிக்கொண்டிருந்தார்கள். ரூபியேலா விடியற்காலையிலேயே தன் பாத்தியில் இறங்கி, இருப்பதிலேயே நல்ல வெள்ளைச் செவ்வந்தியாகப் பார்த்து ஒரு கூடை நிறைய அறுத்தாள்.

லிபார்தோ ஓடி வந்தான். "ஏய், ஏய்! அது நம்ம நடுவரிசைக்கு வெச்சது. யாருக்கு அறுக்கிற?"

"அக்காவுக்கு."

"பைத்தியமா உனக்கு? நம்ம சட்டத்துக்கே பத்தாது."

"பத்தலைன்னா பெரணி எலைய வெச்சுக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவள் அப்படிப் பேசி அவன் கேட்டதில்லை.

ஓத்தீலியா முற்றத்தில் சட்டத்தை நிறுத்தி வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே சூரியகாந்தி, பக்கவாட்டில் டேலியா, நடுவே செவ்வந்தி. வலப்பக்கம் ஒரு இடம் மட்டும் இரண்டு கை அகலத்துக்கு வெறும் பலகையாக இருந்தது.

"இந்தா அக்கா." கூடையை வைத்தாள் ரூபியேலா. வைத்த கையோடு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் புழு..."

"தெரியும்."

ரூபியேலா நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு நீ டப்பாவத் தட்டலை" என்றாள் ஓத்தீலியா. பெரணி இலையில் காய்ந்ததைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே, ஏதோ மழை நிலவரம் சொல்கிற மாதிரி சொன்னாள். "நான் வேலிக்கடியிலதான் குந்தியிருந்தேன். எம் போர்வை மேலதான் விழுந்துச்சு. அதுக்கு முன்னாடி நீ கொட்டினது கோழிக்கு. தட்டிட்டுத்தான கொட்டின, அது கணக்கில்ல. தட்டாமக் கொட்டினது எனக்கு."

"மறுநாளே என்னக் கூப்பிட்டீங்களே! ஏன் கேக்கலை?"

"கேட்டா இல்லம்ப. அப்புறம் செத்தாலும் உம் மூஞ்சியில முழிக்க மாட்டேன். எனக்கு இந்த மலையில வேற யாரு இருக்கா?" இன்னொரு பெரணி இலையை எடுத்துக் கிள்ளினாள். "கூப்பிட்டா வருவியான்னு பாத்தேன். வந்த. தெனம் வந்த. தெனம் வந்தும் சொல்லலை. அதுதான்டி எனக்கு ஆறலை."

ரூபியேலா அழுதாள். ஓத்தீலியா அவளைத் தேற்றவில்லை.

"துவானுக்காகத்தான் அக்கா. எடம் காலியானா குலுக்கல்ல அவனுக்கு விழுமோன்னு ஒரு..."

"குலுக்கல்!" என்று ஓத்தீலியா சத்தமாகச் சொன்னாள். பிறகு குரலை இறக்கினாள், பக்கத்து முற்றத்தில் துவானின் சிரிப்புச் சத்தம் கேட்டதால். "அடிப் பாவி. பிள்ளை இல்லாதவ, எடத்த ஞானப்பிள்ளைக்குக் குடுக்கலாமான்னு எவேலியோ காரியம் முடிஞ்ச கையோட சங்கத்துல போய்க் கேட்டேன். 'புருஷன் எடத்துல ஒரு வருஷமாவது நீ நட, அப்பதான் அது உன் எடம். அப்புறம் நீ யாருக்கு வேணா குடு'ன்னாங்க. இல்லாட்டி இந்த முட்டிவலியோட எனக்கு எதுக்குடி சட்டம்? அவனுக்குத்தான் தூக்குறேன். ஊர்வலம் முடிஞ்சு வந்து, எல்லாருமா உக்காந்து சாப்பிடும்போது சொல்லலாம்னு வெச்சிருந்தேன்."

மகனுக்கென்று ஒருத்தி நட்ட நாற்றைத்தான் ரூபியேலா புழு விட்டு அறுத்திருக்கிறாள்.

"புழு விழுந்த அன்னிக்கு, வேண்டாம்னு சொல்லிட்டு வரலாம்னு சங்கம் வரைக்கும் போனேன்" என்றாள் ஓத்தீலியா. "வாசல்ல நின்னுட்டுத் திரும்பிட்டேன். பிள்ளை என்ன பண்ணுவான்? அவங்கிட்ட இத என்னைக்கும் சொல்லிடாத. அவன் சந்தோஷமா நடக்கட்டும். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், போதும்."

"பூவையாவது வெச்சுக்கங்க அக்கா. எடம் வெறுமையா கெடக்கே."

"அது என் மண்ணுல வெளஞ்சதில்ல." கூடையை மெதுவாக அவள் பக்கம் தள்ளினாள். "கொண்டு போ. உம் புருஷன் தேடுவான்."

மறுநாள் மெதெயீன் தெருவில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மேளமும் கைதட்டலும் காதைப் பிளந்தன. லிபார்தோ முன்னாலேயே போய்விட்டான், பூ குறையாத சட்டத்தோடு. ரூபியேலா நடைபாதை ஓரத்தில் முன்வரிசையில் நின்றாள். ஓத்தீலியா வந்தாள். பட்டை நெற்றியில் பதிந்திருக்க, முகம் சிவந்து, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்தாள். துணைக்குத் துவான் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் வந்தான். வழக்கப்படி அவள் நின்று, பூவைக் கூட்டத்துக்குக் காட்டுவதற்காக மெதுவாகத் திரும்பினாள். சூரியகாந்தி, டேலியா, செவ்வந்தி. வலப்பக்கம் பூவில்லாத இடத்தில் பெரணி இலை செருகியிருந்தது.

"அம்மா! பாத்தியா ஞானத்தாய!" என்று கத்தினான் துவான். கண்ணெல்லாம் சிரிப்பு அவனுக்கு.

ரூபியேலா கையை உயர்த்தி அசைத்தாள்.

பக்கத்தில் நின்ற நகரத்துக்காரி ஒருத்தி, தோளில் குழந்தையோடு, அவள் காதருகே குனிந்தாள். "உங்க ஊர்க்காரங்களா? அந்த எடத்துல மட்டும் ஏங்க பூ இல்ல, பச்சையா விட்டிருக்காங்க?"

"நான் கெடுத்தது" என்றாள் ரூபியேலா. மேளச் சத்தத்தில் கேட்காதோ என்று இன்னொரு தடவை உரக்கச் சொன்னாள்: "நான்தாங்க கெடுத்தேன்."

அந்தப் பெண்ணுக்குக் கேட்டது. கட்டும்போது ஏதோ கை தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. ரூபியேலாவின் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

"அதனால என்னங்க? அதுவும் அழகாத்தான் இருக்கு" என்றாள்.